பெரியப்பாவின் நிக்கான் லென்ஸும் நான் வாங்கிய கேனனும்

மகளின் நடன நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கத்தான் எனக்குக் கேமரா வேண்டியிருந்தது. சபா மேடை வெளிச்சம் கண்ணுக்குப் போதும், போனுக்குப் போதாது. ஃபிளாஷ் போட விடமாட்டார்கள். ஆடுகிற பிள்ளையின் கண்ணில் போடவும் கூடாது. செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேமரா) வாங்குவது என்று முடிவானதும் மிச்சமிருந்தது ஒரே கேள்விதான்: நிக்கான் டி3500-ஆ, கேனன் 200டி-யா?

நிக்கான் பக்கம் சாய எனக்குப் பெரிய காரணம் இருந்தது. மாயவரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியப்பாவிடம் ஃபிலிம் காலத்து நிக்கான் லென்ஸ்கள் மூன்று இருந்தன. ஆட்டோஃபோகஸ் டி வகையில் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, கனமான 80-200 ஒன்று, கையால் ஃபோகஸ் செய்யும் 105 மி.மீ. எஃப் 2.5 ஒன்று. எஃப் எண் சின்னதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். "லென்ஸ்தாம்மா சொத்து. அது நம்மகிட்ட இருக்கு. நீ பாடி மட்டும் வாங்கு" என்றார். பாடி என்றால் லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸை மாட்டும் வாய், 1959-இல் வந்தது. அளவு இன்றுவரை மாறவில்லை. லென்ஸ் போய் உட்காரும், அதில் சந்தேகமே இல்லை.

மற்ற விஷயங்களில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டுமே 24 மெகாபிக்சல். இரண்டுமே கைக்கு அடக்கம். நிழல் பகுதியைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கி எடுக்கும்போது நிக்கான் படம் சுத்தமாக இருக்கும். பேட்டரி கணக்கில் போட்டியே கிடையாது: நிக்கான் ஒரு சார்ஜுக்கு 1,550 படம் என்கிறது, கேனன் 650 என்கிறது. திரையைப் பார்த்துப் படம் எடுப்பவர்களுக்குக் கேனன் வேகமாக ஃபோகஸ் செய்யும், திரையும் திரும்பும். நான் வீடியோ எடுப்பதில்லை. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குப் போதுமான பழக்கம் இல்லை.

முடிவை மாற்றியது ஃபோகஸ் மோட்டார். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு மோட்டார் வேண்டும். நிக்கானின் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் அந்த மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான், மவுண்டில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன திருகு முனை வழியாக லென்ஸைச் சுழற்றும். 2006-இல் வந்த டி40 முதல், தொடக்க நிலை பாடிகளில் நிக்கான் அந்த மோட்டாரை வைப்பதில்லை. டி3000 வரிசை, டி5000 வரிசை இரண்டும் அப்படித்தான். இது பழுதல்ல; பாடி சின்னதாகவும் மலிவாகவும் இருக்க எடுத்த முடிவு. ஆனால் விளைவு என்ன? பெரியப்பாவின் 50-ஐ டி3500-இல் மாட்டினால் வெளிச்சம் அளக்கும், படம் எடுக்கும், ஃபோகஸ் மட்டும் நாமே திருப்ப வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒரு புள்ளி எரிந்து சரியா இல்லையா என்று சொல்லும். நின்றுகொண்டிருக்கும் கோபுரத்துக்கு அது போதும். தீர்மானத்தில், அதாவது ஜதியை முடிக்கும் வேகமான அடவுக் கோர்வையில், சுற்றுகிற பெண்ணுக்குப் போதாது. 105-ஐ மாட்டினாலோ அந்த பாடி வெளிச்சத்தைக்கூட அளக்காது. எல்லாவற்றையும் குத்துமதிப்பாக வைத்து எடுக்க வேண்டும்.

கேனன் வேறு வழியில் போனது. 1987-இல் தன் பழைய மவுண்டையே கைவிட்டு இஎஃப் என்று புதிதாகத் தொடங்கி, மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. அன்று பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம். இன்று செகண்ட் ஹேண்டில் தேடும் நம்மைப் போன்றவர்களுக்கு அது வரம். 1990-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 ஆகட்டும், 1992-இல் வந்த 85 எஃப் 1.8 ஆகட்டும், கேனனின் மிக மலிவான டிஜிட்டல் பாடியிலும் தானாக ஃபோகஸ் செய்யும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 தான் கிடைக்கும், எஃப் 1.8-இல் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சபாவில் படம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இதில்தான் இருக்கிறது. நிக்கானிலும் மோட்டார் உள்ள 50, 85 உண்டு, அருமையான லென்ஸ்கள். ஆனால் பழைய டி வகையைவிட விலை கூடுதல், லென்ஸ் வாங்கும்போதெல்லாம் பெயரில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நாளை அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும் இதே கதைதான். பழைய லென்ஸைப் புது மவுண்டில் மாட்ட உதவும் கேனனின் அடாப்டரில் இஎஃப் லென்ஸ் எல்லாம் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. டி லென்ஸ்கள் அங்கேயும் கையால்தான்.

கேனனை எடுத்தால் சில இடங்களில் கவனம் வேண்டும். ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் சில, டிஜிட்டல் பாடியில் பிழை காட்டி நின்றுவிடும்; கையோடு மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சின்ன சென்சாருக்கான (படம் பதியும் தகடு) இஎஃப்-எஸ் லென்ஸ்கள், பிற்பாடு பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் அதில் உட்காரா. நிக்கானில் சின்ன சென்சாருக்கான லென்ஸும் பெரிய பாடியில் மாட்டும், படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளும். பழைய பாடி வாங்கும்போதும் நிக்கான் வசதி: எத்தனை முறை ஷட்டர் அடித்தது என்பது படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கேனனின் தொடக்க நிலை பாடிகளில் அப்படிக் கிடைப்பது அரிது. நான் பிடிமானத் தேய்வையும் மேலே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் கீறலையும் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். எந்த லென்ஸானாலும் போன் டார்ச்சை பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தால், எத்தனை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

என்னைப்போல் வீட்டில் நிக்கான் லென்ஸ் நிறைய இருந்து, பணமும் கொஞ்சம் கூட இருந்தால் டி7200 தேடுங்கள். அதில் மோட்டார் உண்டு, கையால் ஃபோகஸ் செய்யும் 105 போன்ற லென்ஸுக்கும் வெளிச்சம் அளக்கும். அடுத்து வந்த டி7500-இல் இரண்டாவது வசதி போய்விட்டது. எனக்கு டி7200 எட்டவில்லை. 200டி-யும் கேனனின் 50 எஃப் 1.8-உம் வாங்கினேன்.

பெரியப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனால் மவுண்டிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் நிக்கானில் 46.5 மி.மீ., கேனனில் 44 மி.மீ. இடையில் உள்ள 2.5 மி.மீ. இடத்தில் ஒரு உலோக வளையம் உட்காருகிறது. கண்ணாடி ஏதும் இல்லாத சாதாரண வளையம். அதைப் போட்டால் நிக்கான் லென்ஸ் கேனனில் மாட்டும். தலைகீழாக, கேனன் லென்ஸை நிக்கானில் இப்படி மாட்ட முடியாது. டி3500-இல் வெளிச்சம் அளக்காத அந்த 105, கேனனில் அளக்கிறது. அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் திறப்பை) லென்ஸின் வளையத்தில் திருப்பி, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்கிறேன். மேடைக்கு 50, மேக்கப் அறையில் ஜன்னல் ஓரம் சலங்கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகங்களுக்கு 105. அப்படி எடுத்த ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாயவரத்துக்கு அனுப்பினேன். பெரியப்பா எந்தக் கேமரா என்று கேட்கவில்லை. "எஃப் 4-ல வச்சியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், எஃப் 4 தான்.