குழந்தைகள் பாலே வகுப்பின் உடை விதி: எதற்குச் செலவிடலாம், எதை மாற்றச் சொல்லலாம்

வடமேற்கு லண்டனில் எங்கள் மகள் பாலே பயிலும் பள்ளி, சேர்க்கைப் படிவத்தோடு ஒரு பக்க உடை விதியையும் பெற்றோரின் கையில் தந்துவிடுகிறது. உடலோடு ஒட்டிய ஒற்றை ஆடையான லியோடார்ட், இடுப்பைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் பட்டை, இளஞ்சிவப்பு சாக்ஸ், அதே நிறத்தில் பாலே ஷூ, கலையாத கொண்டை, நகையில்லாத காதும் கழுத்தும், குளிர்காலத்துக்குப் பள்ளியின் சின்னம் பொறித்த கார்டிகன் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஐந்து வயதுக் குழந்தைக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று எங்கள் நண்பர்கள் பலரும் கேட்கிறார்கள். பட்டியலில் உள்ளவற்றையெல்லாம் வாங்கி, தைத்து, துவைத்து, சிறிதானதும் மீண்டும் வாங்கிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். ஒரு பொருள் ஆசிரியரின் கண்ணுக்கும் குழந்தையின் அசைவுக்கும் உதவுகிறதா என்பதே என் அளவுகோல். பட்டியலில் பெரும்பகுதி அந்த அளவுகோலுக்கு நிற்கிறது; நிறத்தைப் பற்றிய விதியும் சின்னம் பொறித்த கார்டிகனும் நிற்கவில்லை.

பிரிட்டனில் குழந்தைகளுக்கான பாலே வகுப்புகள் பலவும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் வகுத்த பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. 1920இல் லண்டனில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் தேர்வுகள் பிரீ-பிரைமரி, பிரைமரி என்று தொடங்கி கிரேடு 8 வரை செல்கின்றன. தேர்வு அறைக்குள் எதை அணிந்து வரலாம் என்பதற்கு அமைப்பு தரும் வழிகாட்டுதல்களை வைத்தே பள்ளிகள் தம் வாராந்திர உடை விதியையும் அமைத்துக்கொள்கின்றன. ஆகவே ஊர் மாறிப் போனாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. வயதுக்கேற்ப லியோடார்டின் நிறம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

லியோடார்டின் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பை முழுமையாக உட்கார்ந்து பார்த்தால் போதும். பாலேயில் கால் வெளிப்பக்கமாகத் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நிகழ வேண்டும். குழந்தை பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு முழங்காலைப் பின்னால் விட்டுவிட்டால் முழங்காலுக்குத் தேவையற்ற பளு ஏறும். முழங்கால் கால்விரல்களுக்கு நேர் மேலே வருகிறதா, முதுகு வளைகிறதா, இடுப்பின் இரு பக்கங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையெல்லாம் ஆசிரியர் ஒரே பார்வையில் கண்டு திருத்த வேண்டும். தொளதொளவென்ற பைஜாமாவுக்குள் இவை எதுவும் தெரியாது. பலர் தேவையற்ற அலங்காரம் என்று நினைக்கும் அந்த எலாஸ்டிக் பட்டையும் இடுப்பு ஒரு பக்கம் சாய்வதை உடனே காட்டிக்கொடுப்பதற்காகத்தான். பரதநாட்டிய வகுப்புக்குப் பயிற்சிப் புடவையை ஏற்றிக் கட்டி அனுப்பும் வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல. அரைமண்டியில் முழங்கால் எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் எந்த நட்டுவனாரும் அடவு சொல்லிக்கொடுப்பதில்லை. பாலேயின் வரலாற்றிலேயே இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு: 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவில் ஆடிய மாரி கமார்கோ, தன் பாதங்களின் நுணுக்கமான வேலை பார்வையாளர்களுக்குத் தெரிவதற்காகப் பாவாடையின் உயரத்தைக் குறைத்தவர் என்று நினைவுகூரப்படுகிறார்.

வாங்கும்போது பருத்தியும் லைக்ரா எனும் நீளும் இழையும் கலந்த லியோடார்டையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நைலான் கலந்தது விரைவில் உலரும், நிறமும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சுவதிலும் தோலை உறுத்தாமல் இருப்பதிலும் பருத்திக்கு ஈடாகாது. வயதை மட்டும் பார்த்து அளவு சொல்லும் கடைகளில் கவனமாக இருக்க வேண்டும். தோளிலிருந்து கால்களுக்கு இடையே சென்று மீண்டும் அதே தோளுக்கு வரும் சுற்றளவுதான் லியோடார்டுக்கு உண்மையான அளவு. உயரமான குழந்தைக்கு அது குறைந்தால் தோள்பட்டை அறுக்கும், குழந்தை வகுப்பு முழுவதும் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த நீரில் துவைத்துக் காற்றில் உலர்த்தினால் மீள்தன்மை நீடிக்கும். சூடான உலர்த்தியில் போட்டால் லைக்ரா சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போனால் லியோடார்டை முழுவதுமாகக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே குழந்தையை அழைத்துப் போய்விடுவது நல்லது.

ஒட்டிய உடையில் மகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தத் தயக்கத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. குட்டைக் கையோ நீண்ட கையோ உள்ள லியோடார்டும், அதன் மேல் மெல்லிய குட்டைப் பாவாடையும், முழுக் காலையும் மூடும் டைட்ஸும் ஆசிரியரின் பார்வையை மறைப்பதில்லை. முன்கூட்டியே மரியாதையுடன் கேட்டால் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்களையே நான் கண்டிருக்கிறேன்.

இனி ஷூ. மொத்தப் பட்டியலில் பணத்தையும் பொறுமையையும் அதிகமாகக் கேட்பது இதுதான். அவ்வளவுக்கும் தகுதியானதும் இதுதான். 1929 முதல் இயங்கிவரும் ஃபிரீட் ஆஃப் லண்டன், 1932இல் சிட்னியில் தொடங்கிய பிளாக், 1887இல் நியூயார்க்கில் தொடங்கிய கபேசியோ ஆகிய மூன்றும் இத்துறையில் பழைமையான பெயர்கள்; மூன்றுமே குழந்தைகளுக்கான ஷூக்களைச் செய்கின்றன. எந்த நிறுவனம் என்பதைவிட எந்தப் பொருள், எந்த அடிப்பாகம், எந்த அளவு என்பவையே முக்கியம். சாட்டின் ஷூ பார்க்க அழகாக இருக்கும்; குழந்தைகள் கேட்பதும் அதைத்தான். ஆனால் விரல் நுனியில் அது சீக்கிரம் கிழிந்துவிடும், வாராந்திரப் பயிற்சிக்கு உழைக்காது. கான்வாஸ் காற்றோட்டமாக இருக்கும், துவைக்கவும் முடியும். தோல் ஷூ குழந்தையின் பாதத்துக்கேற்பப் படிந்து, நீண்ட நாள் உழைக்கும். தொடக்க நிலைக்குத் தோலையே நான் பரிந்துரைப்பேன்.

அடிப்பாகம் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இருப்பது ஒரு வகை. விரல் பகுதிக்கும் குதிகாலுக்கும் தனித்தனித் துண்டுகளாக இருப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பாத வளைவு எடுப்பாகத் தெரியும் என்பதால் வளர்ந்த மாணவர்கள் அதை விரும்புகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு முழு அடிப்பாகமே ஏற்றது என்று ஆசிரியர்கள் பலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை வளைக்கப் பாதத்தின் சிறு தசைகள் உழைக்க வேண்டும். அந்த உழைப்பில்தான் அவை வலுப்பெறுகின்றன.

பள்ளிக்கூட ஷூவை ஒரு விரல்கடை பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. ஷூவுக்குள் பாதம் நழுவினால் குழந்தை தரையை உணராது, வழுக்கவும் செய்யும். நின்றால் விரல்கள் மடங்காமல் நேராக நுனி வரை செல்ல வேண்டும். குதிகாலில் கிள்ளினால் மிகச் சிறிதளவு துணியே விரலில் அகப்பட வேண்டும். பாலே ஷூவின் எண் தெருவில் அணியும் காலணியின் எண்ணோடு பொருந்துவதில்லை, நிறுவனத்துக்கு நிறுவனமும் மாறுகிறது. ஆகவே முதல் ஜோடியையாவது நேரில் கடைக்குச் சென்று, வகுப்புக்கு அணியும் அதே சாக்ஸைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் சென்ற நடன உடைக் கடையில் பணியாளர் குழந்தையை நிற்க வைத்தும், விரல் நுனியை நீட்டச் சொல்லியும் பார்த்த பிறகே அளவு சொன்னார். இணையத்தில் சற்று மலிவாகக் கிடைக்கும் ஷூவைவிட அந்தக் கவனம் எனக்கு மதிப்புடையதாகத் தோன்றியது.

பல ஷூக்களில் எலாஸ்டிக்கின் ஒரு முனையை நாமே தைக்க வேண்டும். குதிகால் பகுதியை உள்பக்கமாக மடித்தால் இருபுறமும் விழும் மடிப்புக் கோடே தைக்க வேண்டிய இடம். இரட்டை நூலில் நெருக்கமாகத் தையுங்கள். ஆனால் ஷூவின் விளிம்புக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றில் ஊசி பட்டுவிடக் கூடாது. கயிறு தையலில் மாட்டிக்கொண்டால் பிறகு இறுக்கவோ தளர்த்தவோ இயலாது. அளவாக இழுத்து முடிச்சிட்ட பிறகு மிஞ்சும் கயிற்றை ஷூவுக்குள் செருகிவிட வேண்டும். வெளியே தொங்கும் முடிச்சைத் தேர்வாளர்கள் விரும்புவதில்லை என்பது இருக்கட்டும். அது காலில் மிதிபடும் என்பதே எனக்குப் போதுமான காரணம். இந்த ஷூவோடு வாசல்படியைக்கூடத் தாண்ட விடாதீர்கள், ஈரமும் கல்லும் அதன் அடியைக் கெடுத்துவிடும்.

கிரேடு 1 முதல், நாட்டுப்புற நடனங்களைத் தழுவிய கேரக்டர் நடனங்களுக்காகச் சிறு குதிகால் வைத்த கறுப்பு ஷூவும் அகலமான பாவாடையும் பட்டியலில் சேரும். விரல் நுனியில் நிற்பதற்கான பாயிண்ட் ஷூ எந்தக் குழந்தையின் பட்டியலிலும் இருக்கக் கூடாது. எலும்பும் தசையும் பக்குவப்பட்டு, பல ஆண்டுப் பயிற்சியும் அமைந்த பிறகு ஆசிரியர் சொன்னால் மட்டுமே அதை வாங்க வேண்டும். பொதுவாக 11, 12 வயதுக்கு முன் அந்தப் பேச்சே எழுவதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் பரிசாக வாங்கித் தந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

கொண்டை விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கழுத்தின் கோடு தெரிவதற்கும், சுழலும்போது முடி கண்ணில் அடிக்காமல் இருப்பதற்கும் அது தேவை. நம் பெண் குழந்தைகளின் அடர்ந்த நீள முடிக்குக் கடைகளில் விற்கும் வட்டமான ஸ்பாஞ்சுகள் சரிவராது. கொண்டை தலையளவு பெருத்துவிடும். முடியை உயரத்தில் இறுக்கிக் கட்டி, பின்னலாகப் பின்னி, அதைத் தட்டையாகச் சுற்றி, வலை போட்டு, யு வடிவ ஊசிகளால் குத்தினால் வகுப்பு முடியும் வரை நிற்கும். அன்று காலையில் எண்ணெய் வைக்காமல் இருந்தால் ஊசி நழுவாது. முடி குட்டையாக இருந்தால் நெற்றியை விட்டு விலக்கும் பட்டை ஒன்றே போதும். அதற்கு மேல் கேட்கும் பள்ளி மிகைப்படுத்துகிறது என்பேன்.

நகை விதியில் நம் வீடுகள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வளையலும் தொங்கட்டானும் கழற்றப்பட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாக்ஸுக்குள் மறைந்துதானே இருக்கிறது என்று கொலுசை விட்டுவிடுகிறோம். அதன் கொக்கி நூலில் மாட்டிக்கொண்டு இழுபடும், கணுக்காலில் உராய்ந்து புண்ணாகும். அரைஞாண் கயிறு மெல்லியதாகவும் உலோகமின்றியும் இருந்தால் எங்கள் ஆசிரியர் தடை சொல்லவில்லை. புதிதாகக் காது குத்திய குழந்தைக்குத் தோட்டின் மேல் சிறு ஒட்டுப்பட்டை போட்டு அனுப்பலாம்.

நான் உடன்படாத இடம் நிறம். இளஞ்சிவப்பு சாக்ஸும் ஷூவும் கால் முழுவதையும் ஒரே கோடாகக் காட்டும் என்பதே அந்த விதிக்குச் சொல்லப்படும் காரணம். வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தால்தான் அந்தக் காரணம் பொருந்தும். மாநிறமோ கறுப்போ ஆன குழந்தையின் காலில் அதே இளஞ்சிவப்பு அந்தக் கோட்டைக் கணுக்காலோடு துண்டித்துவிடுகிறது. ஆக, விதி தன் நோக்கத்தையே நிறைவேற்றவில்லை. இதைப் பெரியவர்களின் பாலே உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. நியூயார்க் சிட்டி பாலேயின் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞரான ஆர்தர் மிட்செல், நடன ஆசிரியர் கேரல் ஷூக்குடன் இணைந்து 1969இல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற பாலே குழு, 1974 முதல் ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் ஏற்ற டைட்ஸையும் ஷூவையும் மேடையில் பயன்படுத்தியது. பிரிட்டனில் 2001இல் உருவான பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயிண்ட் ஷூக்களை 2018இல் கொண்டுவந்தது. அதுவரை கறுப்பினக் கலைஞர்கள் இளஞ்சிவப்பு ஷூவின் மேல் முகப்பூச்சைத் தடவித் தம் நிறத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது குழந்தைகளுக்கான அளவுகளிலும் பல பழுப்பு நிறங்கள் கிடைக்கின்றன, அவற்றை அனுமதிக்கும் வகுப்புகளும் பெருகிவருகின்றன. நாங்கள் கேட்டபோது எங்கள் பள்ளி சம்மதித்தது. ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும் தரும் விலக்காக அது இருக்கக் கூடாது, பட்டியலிலேயே அச்சிடப்பட வேண்டும். தன் கால் தவறான நிறத்தில் இருக்கிறதோ என்று ஒரு குழந்தை எண்ணுவதற்கு வகுப்பறை காரணமாகிவிடக் கூடாது.

சின்னம் பொறித்த கார்டிகனை ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. உடல் சூடேறியதும் கழற்றப்படும் ஆடை அது. முன்பக்கம் குறுக்கே கட்டிக்கொள்ளும் சாதாரண கார்டிகன் எதுவும் அந்த வேலையைச் செய்யும். அதன் விலை இதில் பாதிகூட இல்லை. தவணைக் கட்டணத்தையே யோசித்துக் கட்டும் பெற்றோர் மீது இதைச் சுமத்தத் தேவையில்லை.

ஆண் குழந்தைகளின் பட்டியல் சுருக்கமானது: உடலோடு பொருந்தும் வெள்ளைச் சட்டை, கறுப்பு அல்லது கருநீல அரைக்கால் சட்டை, வெள்ளை சாக்ஸ், வெள்ளை அல்லது கறுப்பு ஷூ. பாலே பள்ளிகளின் கடைகளில் இவை தேடித்தான் கிடைக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது.

லியோடார்டும் கார்டிகனும் கேரக்டர் பாவாடையும் மற்றவர் பயன்படுத்தியவையாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். குழந்தைகள் வளரும் வேகத்தில் அவை கிழிவதற்கு முன்பே சிறிதாகிவிடுகின்றன. ஆனால் இன்னொரு குழந்தையின் பாதத்துக்குப் படிந்துவிட்ட பாலே ஷூவை மட்டும் வாங்காதீர்கள். முன்னோட்ட வகுப்புக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. உடலோடு ஒட்டிய டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் வெறுங்காலும் போதும் என்று பெரும்பாலான ஆசிரியர்களே சொல்வார்கள். குழந்தை தொடர விரும்புகிறது என்று தெரிந்த பிறகு ஷூவை முதலில் வாங்குங்கள். லியோடார்டின் நிறத்தைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு மற்றவற்றை வாங்குங்கள்.