மூடினாலும் தூங்காத லேப்டாப்

போன வாரம் என் லேப்டாப்புக்குப் பேட்டரி மாற்றினேன். டச்பேடை அழுத்தினால் உள்ளே போகாமல் இறுகிக்கொண்டது. கீழ் மூடியின் நடுவில் லேசான புடைப்பு. கஸ்டமர் கேரில் சொன்ன மறுநாளே டெக்னீஷியன் அலுவலகத்துக்கு வந்தார். கீழ் மூடியின் ஸ்க்ரூக்கள் தளர்ந்தாலும் மூடியிலேயே ஒட்டி நிற்கின்றன, ஒன்றுகூட மேஜையில் உருளவில்லை. ஒரு கனெக்டரைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்து, புதியதை வைத்தார். வேலை அவ்வளவு சுத்தம்.

ஆனால் காசு என்னுடையது. இந்த வகை பிசினஸ் லேப்டாப்களில் 3 வருட வாரண்டி என்று போட்டிருந்தாலும், பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருடம்தான். வாங்கும்போதே தெரிந்ததுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. பேட்டரி இவ்வளவு சீக்கிரம் போனதற்கு எதைக் காரணமாக நினைக்கிறேனோ, அதில்தான் வருத்தம்.

மாடல் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் மற்ற கம்பெனி லேப்டாப்களில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துவிடுவீர்கள். இன்று கடையில் இருக்கும் மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலானவை இதே முறையில்தான் தூங்குகின்றன.

விஷயம் இதுதான்: மூடியை மூடினால் இது முழுதாகத் தூங்குவதில்லை.

நான் விருதுநகரில் ஜிஎஸ்டி பிராக்டிஸ் செய்கிறேன். பார்ட்டிகள் பாதிப் பேர் சிவகாசியிலும் சாத்தூரிலும். 14ஆம் தேதி 2பி (வாங்கிய பொருளுக்கான வரி வரவுப் பட்டியல்) வந்ததிலிருந்து 20ஆம் தேதி 3பி (மாத ரிட்டர்ன்) போடும்வரை பஸ்ஸும் பையுமாகத்தான் பிழைப்பு. ஒரு அச்சகத்தில் வேலையை முடித்து, மூடி, பையில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் இறங்கி வெளியே எடுத்தால் கை சுடுகிறது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. 85 சதவீதம் இருந்த சார்ஜ் 50க்கும் கீழே. எப்போதாவது ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். எந்த நாளில் நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் எரிச்சல். பத்து முறை ஒழுங்காகத் தூங்கும், பதினொன்றாவது முறை பைக்குள் வெந்துகொண்டிருக்கும்.

பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கம் இருந்தது. மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், ப்ராசசர் அடியோடு அணைந்துவிடும். திறந்தால் எழுந்திருக்க ஒன்றிரண்டு விநாடி ஆகும், அவ்வளவே. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று புதிதாக ஒன்று வந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அதுவே விரிந்து மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. செல்போன் போலத் திரை மட்டும் அணைந்து, உள்ளே அரைத்தூக்கத்தில் இருப்பது. மெயில் வரும், அப்டேட் வரும், திறந்த நொடியில் திரை எரியும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு டிரைவரோ ஒரு மென்பொருளோ தூங்க விடாமல் பிடித்துக்கொண்டால், காற்றே போகாத பைக்குள் இயந்திரம் விழித்துக்கொண்டே இருக்கும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. அதிலும் சார்ஜ் நிறைய இருக்கும்போது சூடானால் இன்னும் கெடுதல். என் பேட்டரி புடைத்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. என் சந்தேகம் மட்டும் இதன் மேல்தான்.

ஸ்லீப் ஸ்டடி என்று ஓர் அறிக்கை விண்டோஸிலேயே எடுக்கலாம். எந்த நேரத்தில் தூங்கியது, எவ்வளவு சார்ஜ் இறங்கியது, யார் எழுப்பியது என்று வரிசையாகக் காட்டும். என்னுடையதில் பெரும்பாலும் வைஃபை கார்டின் பெயர்தான் மேலே நின்றது. டிரைவரைப் புதுப்பித்தேன், பயாஸை (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி ஆரம்பித்துவிடும். சில மாடல்களில் பயாஸுக்குள் போய்ப் பழைய எஸ்3யைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. இதில் அது இல்லை.

கடைசியில் உதவியது ஹைபர்னேட். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றிவிட்டேன். மெமரியில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். பை குளிர்ச்சியாக இருக்கிறது, சார்ஜ் இறங்குவதில்லை. திறந்ததும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், பரவாயில்லை. ஆனால் இதை ஏன் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்? ராணுவத் தரம், எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் சோதனையில் தேறியது என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறார்கள். அதிர்வு, தூசி, வெப்பம் என்று அந்தத் தரத்தில் எத்தனையோ சோதனைகள் உண்டு. எதையெல்லாம் செய்வது என்பது தயாரிப்பாளர் கையில். மூடிப் பையில் வைத்தால் அணைந்திருக்குமா என்பதை யாரும் பெட்டியில் போடுவதில்லை. ஊர் ஊராகப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது அதுதானே!

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

கீபோர்டு. இதற்கு முன் வைத்திருந்த எந்த லேப்டாப்பிலும் நம்பர் பேடு இப்படி அமையவில்லை. 0 கீ முழு அகலம், எண்டர் இரண்டு வரிசை உயரம், 5இன் மேல் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு. பர்ச்சேஸ் பில் கட்டை இடது கையில் புரட்டிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் வலது கையால் டாலி கணக்கு மென்பொருளில் போட்டுக்கொண்டு போகலாம். கீயை அழுத்தினால் பதிந்ததா இல்லையா என்ற சந்தேகம் வருவதில்லை. வருடக் கடைசியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து அடித்தாலும் விரல் நோவதில்லை. வாங்கிய நாளில் பிடித்தது, இன்று இன்னும் கூடுதலாகப் பிடிக்கிறது.

அப்புறம் போர்ட்டுகள். கம்பெனி, எல்எல்பி பார்ட்டிகளுக்கு ரிட்டர்ன் போட டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், ஓடிபி செல்லாது. அது இருக்கும் டோக்கன், பென் டிரைவ் போலப் பழைய அகலமான யூஎஸ்பியில் செருகுவது. இதில் அப்படி இரண்டு இருக்கின்றன, லேன் போர்ட்டும் இருக்கிறது. நடுவில் ஒரு அடாப்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. திரை பளபளக்காத வகை, தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தாலும் எண்கள் தெளிவாகத் தெரியும். ஸ்பீக்கர் சுமார், கேமரா சுமார். என் வேலைக்கு அவை தேவையில்லை.

சிவகாசியில் பிராக்டிஸ் செய்யும் தம்பி ஒருவர் நேற்று கேட்டார்: "அண்ணே, விலை நல்லாக் குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" வாங்காதே என்றுதான் சொன்னேன். "நீங்களே அதைத்தானே புகழ்ந்துட்டிருந்தீங்க" என்றார். உண்மைதான். அந்தக் கீபோர்டுக்காக நான் இதை இன்னும் சில வருடம் விட மாட்டேன். ஆனால் பேட்டரி பில் மேஜையில் கிடக்கும்போது இன்னொருவரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை; விலை அப்படி. அதனால் இதையும் சொல்லி அனுப்பினேன். ஆர்டர் போடும்போதே பேட்டரிக்கும் 3 வருட வாரண்டி சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேள், சில கம்பெனிகள் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. பெரும்பாலும் கரண்டில்தான் வைத்து வேலை செய்வாய் என்றால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அவர்களுடைய ஆப்பில் மாற்றிவிடு. டாலியைப் போடுவதற்கு முன்பே மூடிக்கு ஹைபர்னேட் வைத்துவிடு.