‘கடன்’ என்னும் சொல்லை வைத்து ஓர் இணைய அகராதியை மதிப்பிடல்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதிகள் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அரிய சொற்களைவிட அன்றாடச் சொற்களே ஓர் அகராதியின் தரத்தை நன்கு காட்டும் என்பது என் எண்ணம். ஆகவே ‘கடன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

கடமை என்ற பொருளையும், திருப்பித் தரவேண்டிய பணம் என்ற பொருளையும் பேரகராதி ஒரே தலைச்சொல்லின் கீழ்த் தருகிறது. இது சரியான முடிவே. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்னும் புறநானூற்று (312) அடியிலும், ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்னும் அப்பர் வாக்கிலும் முதலும் இல்லை, வட்டியும் இல்லை. செய்தே தீரவேண்டியது என்பதே பொருள். வாங்கியதைத் திருப்பித் தருவதும் அப்படிச் செய்தே தீரவேண்டியவற்றுள் ஒன்று என்பதால், அதே சொல் பணத்துக்கும் வந்து பொருந்தியது என்று கொள்ள நல்ல இடமிருக்கிறது.

ஆனால் பேரகராதி இப்படியெல்லாம் விளக்குவதில்லை. பொருளையும் மேற்கோளையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதே தளத்திலுள்ள பரோ, எமனோ என்னும் மொழியியலாளர் இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் மலையாளக் ‘கடம்’ முதலிய இனச்சொற்களைத் திரட்டித் தருகிறதே தவிர, எந்தப் பொருள் முந்தியது என்ற வழக்கில் தலையிடுவதில்லை. தீர்ப்பை மட்டும் தேடி வருபவருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். சான்றுகளைத் தாமே எடைபோட விரும்புபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

இத்தளத்தின் உண்மையான பயன், ஒரு சொல்லிலிருந்து அதன் அண்டைச் சொற்களுக்குச் செல்லும்போதுதான் தெரிகிறது. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்னும் குறளில் (221) வரும் ‘குறியெதிர்ப்பை’யைத் தேடினால், அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் பொருள் என்று அறியலாம். அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, அறுவடையானதும் ஒரு படியாகவே திருப்பும் வழக்கத்துக்குச் சங்க காலத்திலேயே தனிச்சொல் இருந்திருக்கிறது. புறநானூற்றில் (163) பெருஞ்சித்திரனார், தாம் பெற்று வந்த பரிசிலைக் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்களுக்கும் வழங்குமாறு மனைவியிடம் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. ‘புறநா.’, ‘சிலப்.’ போன்ற சுருக்கக் குறிகள் புதியவரைத் திகைக்க வைக்கும். விளக்கங்களில் ஆங்கிலமே முந்திக்கொள்கிறது. 1939க்குப் பிந்தைய வழக்குக்கு இங்கே இடமில்லாததால், வங்கியில் இன்று புழங்கும் சொற்களுக்கு, 1992இல் வெளிவந்து 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.