மூக்கு அலர்ஜிக்கு மாத்திரையா, ஸ்பிரேயா, புரோபயாடிக்கா?

காலையில் கண் விழித்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல், அப்புறம் கண் அரிப்பு, தண்ணீராய் ஒழுகும் மூக்கு, இரவானால் அடைப்பு. வருடக்கணக்கில் இப்படி அவதிப்பட்டு அலுத்துப்போனவர்கள் "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு புரோபயாடிக்குக்கு மாறிவிடவா?" என்று கேட்கிறார்கள். புரோபயாடிக் என்றால் உடம்புக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை மாத்திரை போல எடுத்துக்கொள்வது. மாற வேண்டாம், வேண்டுமானால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

மாத்திரையின் பலம் வேகம். மகரந்தமோ தூசியோ உள்ளே போனதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது, அது வேலை செய்யும் இடத்தை செட்ரிசின், லோரட்டடின் போன்றவை மறித்துவிடுகின்றன, அதனால் தும்மலும் அரிப்பும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கும். மூக்கடைப்புக்கு மட்டும் பெரிதாக உதவாது. குளோர்பெனிரமின் மாதிரி பழைய மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளும், வண்டியைத் தொடாதீர்கள்.

அடைப்புதான் உங்கள் பிரச்சினை என்றால் ஸ்டீராய்டு ஸ்பிரேதான். புளூட்டிகசோன், மொமெட்டசோன் வகைகளைச் சொல்கிறேன். தொடர்ந்து தொல்லை இருப்பவர்களுக்கு, இருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது இதுதான். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள், ஆனால் இதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இன்னொன்று, அடிக்கும் விதம். தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனை மூக்கின் நடுத்தண்டை, அதாவது இரண்டு துவாரங்களுக்கும் இடையிலுள்ள சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டில் படப்பட அது புண்ணாகி ரத்தம் வரும். உடனே அடைப்பைத் திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து இதன் வகை இல்லை, அதை மூன்று நாலு நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

சரி, புரோபயாடிக். 1989-இல் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர், கூடப் பிறந்தவர்கள் நிறைய இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவாக இருப்பதைக் கவனித்தார். சின்ன வயதில் கிருமிகளோடு பழகாத உடம்பு, தூசியைக்கூட எதிரியாகப் பார்க்கிறதோ என்ற யோசனை அங்கிருந்துதான் வலுத்தது. நோய் எதிர்ப்பு அணுக்கள் குடலைச் சுற்றியும் நிறைய இருப்பதால், அங்கே நல்ல பாக்டீரியாவை அனுப்பிப் பார்க்கலாமே என்று எண்ணியதில் நியாயம் இருக்கிறது. 2017-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வில், பருவகால அலர்ஜி உள்ள 173 பேரில் ஒரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் ஒன்றும் பிஃபிடோபாக்டீரியம் இரண்டும் கலந்த மாத்திரை, மறுபாதிக்கு வெறும் மாத்திரை என்று எட்டு வாரம் கொடுத்தார்கள். பாக்டீரியா எடுத்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் அலர்ஜியின் தொந்தரவு குறைந்தது. ஆனால் கடுமையான அலர்ஜி உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. 2015-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேம்பட்டதாகத்தான் வந்தது, அலர்ஜியின் அடையாளமான ஐஜிஇ அளவு அசையவில்லை.

என்னை உறுத்துவது டப்பாவின் மேல் பெரிதாக 'புரோபயாடிக்' என்று மட்டும் போட்டு விற்பதுதான். ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றுக்குக் கிடைத்த பலனை இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது. ரகத்தின் பெயரோடு அதன் எண்ணும் எழுத்தும் போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். எட்டு வாரம் எடுத்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அலர்ஜியின் வேரையே மாற்ற வேண்டும் என்பவர்கள் புரோபயாடிக்கைவிட இம்யூனோதெரபி பற்றித்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே சிறிது சிறிதாக ஊசியாகவோ நாக்கின் அடியில் வைத்தோ கொடுத்து உடம்பைப் பழக்குவார்கள், மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை ஸ்பிரேயை விடாதீர்கள்.