மாண்ட்வாவில் 2 நாள் கேட்டமரான் பயிற்சி: மகளோடு போய்வந்தேன்

என் மகளுக்கு 14 வயது. பரீட்சை லீவில் உட்கார்ந்து, 2017-ல் பெர்முடாவில் நடந்த ரெட் புல் யூத் அமெரிக்காஸ் கப் என்ற இளையோர் பாய்ப்படகுப் போட்டி வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டாள். 18 முதல் 24 வயதுப் பிள்ளைகள், படகுக்கு 6 பேர், 45 அடி நீளக் கேட்டமரானை, அதாவது இரட்டை உடல் பாய்ப்படகை, அடியில் இருக்கும் இறக்கைகளால் தண்ணீருக்கு மேலே எழுப்பி ஓட்டுகிறார்கள். கடைசியில் ஜெயித்தது பிரிட்டிஷ் அணி. ஆனால் அவளுக்குப் பிடித்தது பெர்முடாவின் சொந்த அணிதான். மும்பையில் எங்கள் செம்பூர் அளவுக்குக்கூட ஆள் இல்லாத தீவு அது. "அங்கே ஒரு டீம் சேர்க்க முடிகிறது என்றால் நான் ஏன் ஓட்ட முடியாது அம்மா?" என்றாள்.

அதற்குப் பதில் தேடித்தான் இந்த வார இறுதிப் பயிற்சியில் சேர்ந்தோம். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒருவர் கூட வரவேண்டுமாம். சரி, நானும் மாணவி ஆனேன். ஆளுக்கு 9,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. பள்ளியின் பெயரை எழுதவில்லை. நாலைந்து பேர் பாடுபட்டு நடத்தும் சின்ன இடம். நான் குறைகளும் சொல்லப்போகிறேன்.

போவது சுலபம். ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோட்டில் இறங்கி, பாவூச்சா தக்கா படகுத்துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றும் ரோ-ரோ கப்பல். சுமார் ஒரு மணி நேரத்தில் எதிர்க்கரையில் மாண்ட்வா.

முதல் குறை விளம்பரத்தில். அவர்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பறக்கும் படகு. கரையில் நிற்பதோ பறக்காத கேட்டமரான், ஹோபி 16. மகளின் முகம் வாடிவிட்டது. பயிற்சியாளரிடம் நேராகவே கேட்டேன். "பறக்கும் படகு எங்களிடம் இல்லை, அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது" என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பிடித்தது. படத்தை மாற்றினால் இன்னும் பிடிக்கும்.

ஹோபி 16 சுமார் 5 மீட்டர் நீளம், 145 கிலோ. வாழைக்காய் போல வளைந்த இரண்டு உடல், நடுவே இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல்தான் நாம். அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆழப்பலகை கிடையாது என்பதால் மணலில் அப்படியே ஏற்றிவிடலாம். எங்கள் சொந்த ஊர் முட்டத்துக் கரையில் கட்டுமரம் ஏற்றுவது நினைவுக்கு வந்தது.

முதல் வேலை, படகைக் கவிழ்த்து நிமிர்த்துவது. இதைத்தான் நான் மிகவும் பாராட்டுவேன். பயத்தை முதலிலேயே தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். கயிற்றை மேலிருக்கும் உடலுக்கு மேலாக வீசிப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து தொங்கவேண்டும். நானும் மகளும் சேர்ந்து 105 கிலோ. படகு அசையவே இல்லை. பயிற்சியாளரும் வந்து தொங்கிய பிறகுதான் பாய் தண்ணீரை விட்டு எழுந்தது. எடை குறைந்த இருவர் தனியாக இந்தப் படகில் போகக் கூடாது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டோம். பாதுகாப்புப் படகு இரண்டு நாளும் எங்களை விட்டு விலகவில்லை.

அப்புறம் திருப்பம். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் படகின் முகம் காற்றுக்கு நேரே வரும். ஹோபி அந்த இடத்தில் நின்றுவிடும். பாய் படபடவென்று அடிக்கும், படகு பின்னால் நகரத் தொடங்கும். முதல் நாள் மகள் ஏழெட்டு முறை அப்படி மாட்டிக்கொண்டாள். பயிற்சியாளர் சத்தம் போடவே இல்லை. "முன்பாயை உடனே விடாதே. காற்று படகின் முகத்தைத் தள்ளட்டும். தள்ளி முடித்த பிறகு மாற்று" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாம் நாள் மதியம் அவள் தொடர்ந்து நான்கு முறை நிற்காமல் திருப்பினாள். அன்று ராத்திரி வீடியோவைத் திரும்பப் போட்டு, "இங்கே பாரும்மா, திரும்பும்போது கீழே இறங்கிய படகுதான் பின்தங்குகிறது" என்று காட்டினாள். ஒரு வாரம் முன்னால் அவள் கண்ணில் இது பட்டிருக்காது.

பறப்பது எப்படி என்பதை அவர் புரியவைத்த விதம் கட்டணம் மொத்தத்துக்கும் தகும். பாதுகாப்புப் படகு மெதுவாக ஓடும்போது, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கி, முன் விளிம்பு லேசாக மேலே பார்க்கும்படி பிடிக்கச் சொன்னார். துடுப்பு மகளின் கையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தூக்கும் விசை நான்கு மடங்கு. தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி என்பதால் சின்ன இறக்கையே படகைத் தூக்கப் போதும். உடல் மேலே எழுந்துவிட்டால் தண்ணீரின் இழுவை பெரும்பாலும் போய்விடும், படகு இன்னும் வேகம் எடுக்கும். பலகையில் படம் வரைந்து காட்டியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது.

குறைகள் இன்னும் இரண்டு. காலை 8 மணிக்கே வரச்சொல்கிறார்கள். கரைக்காற்று அதற்குள் ஓய்ந்துவிடுகிறது. வடமேற்கிலிருந்து கடல்காற்று எழ மதியம் ஆகிறது. நடுவில் இரண்டு மணி நேரம் வெயிலில் மிதந்தோம். 11 மணிக்குத் தொடங்கினால் என்ன? அடுத்தது நான் மன்னிக்க முடியாதது. குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இல்லை. மகள் குதித்தால் அது காதுவரை ஏறுகிறது. இடுப்பு ஹார்னஸும் பெரியவர்களுக்கானது, அதனால் முதல் நாள் அவளால், படகு சாயாமல் இருக்கப் பாய்மரக் கம்பியில் வெளியே தொங்கவே முடியவில்லை. தலைக்கவசமும் தரவில்லை. பெர்முடாவில் அத்தனை பேரும் தலைக்கவசத்தோடுதான் ஏறினார்கள். பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே வீசிக்கொண்டு போகும் படகில் இதெல்லாம் வைத்திருந்தே ஆகவேண்டும்.

ராத்திரி அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். முப்பது வருடம் கட்டுமரத்தில் போனவர். "இது மரம் இல்லையே, ரெண்டு வள்ளத்தைச் சேத்துக் கட்டினது" என்றார். உண்மைதான். நம்முடையது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது, இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்கும். நம் பேர் மட்டும் கடல் தாண்டிப் போய் வேறொரு படகில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பேத்தியிடம், "மக்களே, காத்து கச்சானா வாடையா?" என்று காற்றின் திசையைக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கரையில் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பாட்டாவுக்கு அவளே போன் செய்தாள். எங்கள் ஊரில் பெண்கள் மீன் விற்கப் போவோம், மரத்தில் ஏறியதில்லை. பாய்க்கயிறு என் உள்ளங்கையை அறுத்தபோது எனக்கு வயது 46.

மகளின் கேள்விக்குப் பயிற்சியாளர் கொடுத்த பதிலையும் எழுதிவிடுகிறேன். முதலில் ஒற்றை உடல் சின்னப் படகில் ஓரிரு வருடம். சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் போனதும், வேலூரின் விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும் அப்படிப்பட்ட படகில்தான். கேட்டமரான்தான் வேண்டும் என்றால் இளையோருக்கு நாக்ரா 15 இருக்கிறது. 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டியது அது. அதற்கு மேலே நாக்ரா 17. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கில் பறக்கும் கேட்டமரான் அதுதான். நியூசிலாந்தின் பீட்டர் பர்லிங் 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இதே இளையோர் அமெரிக்காஸ் கப்பை ஜெயித்தபோது அந்தப் படகுகள் பறக்கவில்லை. நான்கே வருடத்தில், 26 வயதில், பறக்கும் படகில் பெரியவர்களின் அமெரிக்காஸ் கப்பையே ஜெயித்தார். இதை மகள் தன் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். பயிற்சியாளருக்கு மட்டும் என்றால் ஐந்து. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், அக்டோபரில் திறக்கும்போது அடுத்த கட்டத்துக்கு வருகிறோம் என்று பணம் கட்டிவிட்டோம். சின்ன ஹார்னஸ் ஒன்றும், 14 வயதுக்கான ஜாக்கெட்டும் வாங்கிவைப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கவசம் நானே வாங்கிவிட்டேன், இரண்டு.