கல்விச் செய்தியைச் சரிபார்க்க நாடாளுமன்ற வினா-விடைத் தளம்: எவ்வளவு தேறும்?

'மத்திய அரசு மக்களவையில் தகவல்' என்று கல்விச் செய்தி வந்தால், மூலப் பதிலைப் பார்க்க ஏற்ற இடம் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளம்தான். கட்டணம் இல்லை, பதிவும் வேண்டாம். மக்களவையின் வினாப் பகுதிக்குப் போய், எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர், எந்த அமைச்சகம் என்று வடிகட்டினால் பிடிஎஃப் கிடைக்கும்.

பலர் தடுக்கி விழுவது அமைச்சகப் பெயரில். 2020 வரை கல்வி அமைச்சகத்தின் பெயர் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம். பழைய பதில்களைக் கல்வி அமைச்சகம் என்று தேடினால் வெறுங்கைதான். நட்சத்திரக் குறியிட்ட வினா அவையில் வாய்மொழிப் பதிலுக்கானது. ஒரு நாளைக்கு 20. எழுத்துப் பதிலுக்கான குறியிடாதவை 230 வரை. செய்திக்குத் தீனி பெரும்பாலும் இரண்டாவதில் கிடைக்கும்.

பதிலை எடுத்தவுடன் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். மாநிலவாரி அட்டவணை இணைப்பாக அங்கேதான் இருக்கும். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி என்றால் ஒப்புதல், விடுவிப்பு, செலவு மூன்றும் வெவ்வேறு தொகை. ஒப்புதலை 'வழங்கியது' என்று தலைப்பிடும் நாளிதழ்களுக்குப் பஞ்சமில்லை.

குறைகள்? பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும், தமிழ் இல்லை. சில அட்டவணைகள் ஸ்கேன் படங்கள், எண்ணை நகலெடுக்க முடியாது. 'கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது' (அதாவது மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றலாம்) என்று தொடங்கும் பதிலில் பொறுப்பை மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டு நழுவுவது வாடிக்கை. அது தளத்தின் குற்றமல்ல. 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்றிருந்தால் அது அரசு அவைக்குத் தரும் உறுதிமொழிகளின் கணக்கில் சேரும், முழுப் பதிலைப் பின்னர் தனியாகத் தேடுங்கள்.