கதவைத் திறந்தால் நேரே ஹால்: தடுப்பாக வைத்த கட்ட அலமாரி தேறுமா?

வாசல் கதவைத் திறந்ததும் நடை, ரேழி என்று எதுவும் இல்லாமல் நேரே ஹாலுக்குள் கால் வைக்கிற வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம். மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றுகூடத் தோன்றலாம். பார்சல் கொடுக்க வருபவர் வாசலில் நிற்கிற அந்த அரை நிமிடத்தில் சோபாவில் யார் எந்தக் கோலத்தில் படுத்திருக்கிறார்கள், டிவியில் என்ன ஓடுகிறது, மடிக்காத துணி எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்று அத்தனையும் அவர் கண்ணில் பட்டுவிடும். பாவம், அவரும் வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண் போகிற வழியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்காக நான் வாங்கியது முதுகுப் பலகை இல்லாத கட்ட அலமாரி, அகலத்தில் இரண்டு கட்டம், உயரத்தில் நான்கு. 77 செ.மீ. அகலம், 147 உயரம், 39 ஆழம். சுவரோடு சாய்த்து வைக்காமல், தாழ்ப்பாள் இருக்கிற பக்கத்துச் சுவரை ஒரு ஓரம் தொட்டுக்கொண்டிருக்க, மீதி அறைக்குள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் ஒரு பக்கம் கதவுப் பலகை, மறுபக்கம் அலமாரி, நடுவில் தானாகவே ஒரு குட்டி நடை வந்துவிடுகிறது.

வாங்குவதற்கு முன்னால் கீல் எந்தப் பக்கம் என்று பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. சோபா இருக்கிற பக்கத்திலேயே கீலும் இருந்தால், கதவைப் பாதி திறந்து பேசும்போது அந்தப் பலகையே சோபாவை மறைத்துவிடும், அலமாரிக்குச் செலவே வேண்டாம். எதிர்ப்பக்கம் கீல் இருந்தால்தான் மொத்த ஹாலும் படம் போல விரியும். கீலை மாற்றிப் போடலாமே என்றால், பூட்டுக்கும் கீலுக்கும் நிலையிலும் கதவிலும் புதிதாகக் குடைய வேண்டும், பழைய குழிகளை அடைக்க வேண்டும், வாடகை வீடாக இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

உயரம்தான் இந்த அலமாரியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நாற்காலியிலோ சோபாவிலோ உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குக் கண் மட்டம் தரையிலிருந்து 110, 120 செ.மீ. அளவில் இருக்கும், ஆக 147-க்குப் பின்னால் உட்கார்ந்தவர் தலையோடு மறைந்துவிடுகிறார். எழுந்து நின்றால் வந்திருப்பது யார் என்று மேலாகவே பார்த்துக்கொள்ளலாம். கூரை வரை போகிற தடுப்பு வைத்தவர்கள் வீட்டில் வாசல் பக்கம் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது, இதில் அந்தத் தொல்லை இல்லை, எதிர்ச் சுவர் ஜன்னலின் வெளிச்சம் மேலாகவும் காலிக் கட்டங்கள் வழியாகவும் வந்துவிடும். ஆனால் எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டால் மறைப்பே இல்லை. கண்மட்டத்துக் கட்டங்களில் புத்தகமோ பெட்டியோ வைத்து அடைத்துவிட்டு மற்றதில் இரண்டைத் திறந்து விட்டால் போதும்.

இப்போது குறைகள். பெட்டியில் கூடவே வந்த, சுவரோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட், அலமாரியின் முதுகு சுவரைப் பார்த்து நிற்கும் என்ற நினைப்பில் செய்தது. குறுக்கே வைத்தால் அது சுவருக்கு எட்டவே எட்டாது. தனியாக எல் பிராக்கெட் வாங்கி மேலே முடுக்கினேன். அங்கேயும் ஒரு சிக்கல்: பலகை பார்க்கக் கனமாக இருந்தாலும் உள்ளே தேன்கூடு மாதிரி அட்டைதான், நடுவில் ஸ்க்ரூ போட்டால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் கெட்டியான பட்டை ஓடுகிற இடம் பார்த்துப் போட வேண்டும். தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். பிராக்கெட் இல்லாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள், 39 செ.மீ. ஆழத்தில் இந்த உயரத்துக்கு நிற்கிற சாமான் ஒரு குழந்தை ஏறித் தொங்கினால் சாய்ந்துவிடும். கனமான புத்தகங்களைக் கீழ்க்கட்டத்தில் அடுக்குங்கள். ஒரு கட்டம் 13 கிலோ தாங்கும் என்று கையேடு சொல்கிறது.

செருப்பு வைக்கலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழம் தாராளம், பெரிய ஷூகூட நீளவாக்கில் உள்ளே போகும். அகலம்தான் காலை வாரும்: 33 செ.மீ. கட்டத்தில் ஒரு ஜோடி ஷூ வைத்த பிறகு மிஞ்சுகிற இடத்தில் ஒற்றை ஷூதான் நுழையும், இன்னொரு ஜோடி நுழையாது, மேலே பாதிக் கட்டம் வெறும் காற்று. நடுவில் ஒரு தட்டு செருகினால் சரியாகிவிடும், அதையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். அப்புறம் ஈரச் செருப்பை நேராக வைத்தால் பலகையின் ஓரம் ஊறி உப்பிக்கொள்ளும். கீழ்க்கட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டுப் போட்டிருக்கிறேன்.

காற்று, சத்தம், தூசி விஷயத்தில் இந்த அலமாரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கதவைத் திறந்த உடனே ஹாலில் சேர்த்து வைத்த குளிர்ச்சியோ கதகதப்போ அப்படியே வெளியே போய்விடும், நடுவில் நிறுத்த இன்னொரு கதவு இல்லையே. மூடிய பிறகாவது சும்மா இருக்கிறதா என்றால், 90 செ.மீ. அகலக் கதவுக்கு அடியில் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தாலே அது 90 சதுர செ.மீ. ஓட்டை, உள்ளங்கை அளவுக்குச் சுவரில் துளை போட்டு வைத்ததற்குச் சமம். படிக்கட்டில் யார் என்ன பேசினாலும் அந்த வழியாகத்தான் ஹாலுக்கு வருகிறது. அதற்குக் கதவின் அடியில் பொருத்தும் ரப்பர் பட்டைதான் வழி. கதவு மூடும்போது மட்டும் கீழே இறங்கி, திறந்ததும் மேலே ஏறிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. உள்ளே மிதியடி போட்டிருப்பவர்களுக்கு அதுதான் நல்லது, சாதாரணப் பட்டை மிதியடியைச் சுருட்டிக்கொண்டு போகும்.

மேல்தட்டைப் பற்றி என்ன சொல்ல. சாவி, ஹெல்மெட், பிரிக்காத கவர், யாரோ கழற்றி வைத்த கண்ணாடி என்று எல்லாமே அங்கேதான் வந்து குவிகிறது, வாசலில் நிற்பவர் இப்போது சோபாவைப் பார்ப்பதில்லை, அந்தக் குவியலைப் பார்க்கிறார். எனக்குப் பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மறைப்புக்கு முழு மதிப்பெண், பிராக்கெட்டுக்கும் செருப்புக் கட்டத்துக்கும் சேர்த்துக் குறைத்திருக்கிறேன். வாங்குமுன் அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு இரண்டு நாள் நடந்து பாருங்கள். அலமாரிக்கும் எதிரே இருக்கிற சாமானுக்கும் நடுவே 90 செ.மீ. வழி மிஞ்சவில்லை என்றால் இதை விட்டுவிட்டு, கூரையில் கம்பி மாட்டிக் கனமான திரை ஒன்று தொங்கவிடுங்கள், பிரிட்ஜோ கட்டிலோ வரும்போது ஓரமாக ஒதுக்கினால் போதும், இந்த அலமாரி என்றால் பிராக்கெட்டைக் கழற்றித்தான் நகர்த்த வேண்டியிருக்கும்.